ஒரு காபிக்கு ஒரு மணி நேரம்



நம் பத்திரிகை அலுவலகத் தெருமுனையில் இருந்த சைவ ஓட்டல் போன மாதம் மூடப்பட்டுவிட்டது. அந்த இடத்துக்கு ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு மருந்துக்கடை வருகிறது. கல்லாப்பெட்டி இருந்த மூலையில் இப்போது கண்ணாடிக் கதவு பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். வழக்கமாக இந்தப் பக்கத்தில் இதழின் உள்ளடக்கத்தைப் பற்றிச் சொல்வேன். இம்முறை அதற்கு மனம் வரவில்லை. அந்த ஓட்டலைப் பற்றியும் அதைப் போன்றவற்றைப் பற்றியும்தான் உங்களோடு பேச வேண்டும் என்றிருக்கிறது.

அது பெயர்பெற்ற ஓட்டல் அல்ல. கேமராவோடு யாரும் வந்து படம் பிடித்ததில்லை. காலையில் இட்லி, பொங்கல், வடை. பதினொன்றரைக்குச் சாப்பாடு. மூன்று மணிக்கு மேல் போண்டாவோ பஜ்ஜியோ. ராத்திரி தோசையும் கிச்சடியும். வாரத்தில் ஒருநாள் அடை, அவியல். அவ்வளவுதான். ஆனால் இந்தப் பத்திரிகையின் வாழ்க்கையில் அதற்குப் பெரிய இடம் உண்டு. வெளியூர் எழுத்தாளர்கள் எழும்பூரில் இறங்கியதும் பெட்டியோடு நேரே அங்கே வந்து உட்காருவார்கள்; நாங்கள் போய்ச் சேர்ந்துகொள்வோம். ஒரு கதையைப் போடுவதா, திருப்பி அனுப்புவதா என்று கதவைப் பாதி இறக்கும்வரை அங்கே வாதாடியிருக்கிறோம். நாங்களாகக் கேட்கும்வரை பில் வந்ததில்லை. யாருக்குச் சர்க்கரை இல்லாமல், யாருக்கு டிக்காஷன் தூக்கலாக என்பதெல்லாம் அங்கிருந்த மூத்த சர்வருக்கு மனப்பாடம். எங்கள் உதவி ஆசிரியர் ஒருவர் அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு ஊரிலிருந்து திரும்பிய அன்று மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்தார். என்ன வேண்டும் என்று சர்வர் கேட்கவில்லை. ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்து மேஜைக்கு ஆள் அனுப்பாமல் பார்த்துக்கொண்டார்.

கடைசி நாளன்று முதலாளியிடம் போய்ப் பேசினேன். எழுபதைத் தாண்டியவர். "ஏன் ஐயா, இன்னும் ரெண்டு வருஷம் தள்ளியிருக்கலாமே?" என்றேன். "பசங்க ரெண்டு பேரும் வேற வேலைக்குப் போயிட்டாங்க சார். கட்டடக்காரர் கேக்கறதுலயும் நியாயம் இருக்கு, அவருக்கும் பேரன் பேத்தி எல்லாம் வந்தாச்சு. விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்து வந்து அடுப்பு பத்த வைக்க என்னால முடியலை" என்றார். யார்மீதும் அவருக்குக் கோபமில்லை. எனக்குத்தான் யார்மீது கோபப்படுவது என்று தெரியவில்லை.

சென்னை வாசகர்களிடம் மூடிப்போன ஓட்டல் என்று பேச்செடுத்தாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கதீட்ரல் சாலையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டியிருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்த ஓட்டலைப் பார்த்தேயிராத ஒரு தலைமுறை இப்போது நம் வாசகர்களாகிவிட்டது.

உடுப்பிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மதராஸுக்கு வந்து, ஓட்டல் அடுக்களையில் எடுபிடி வேலையில் தொடங்கியவர் கே. கிருஷ்ண ராவ். படிப்படியாக மேலே வந்து, 1938இல் ராயப்பேட்டையில் ஒரு பெரிய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து அங்கே ஓட்டல் நடத்தினார். பங்களாவின் பெயர்தான் உட்லண்ட்ஸ். அதுவே ஓட்டலுக்கும் நிலைத்தது. பிறகு 1952இல் இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸ் வந்தது. டிரைவ்-இன் 1962இல் திறக்கப்பட்டது. தோட்டக்கலைச் சங்கத்தோடு தொடர்புடைய பரந்த நிலம், நிறைய மரங்கள். காரை மரத்தடியில் நிறுத்தினால் சர்வர் வந்து ஜன்னல் கண்ணாடியில் தட்டை மாட்டி, டிஃபனை அதில் வைத்துவிட்டுப் போவார். அந்தக் காலத்து மதராஸில் அது பெரிய புதுமை. குழந்தைகள் பின் ஸீட்டில் மண்டியிட்டு அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் டிரைவ்-இன் நகரத்தின் நினைவில் நின்றதற்குக் காரணம் கார்கள் அல்ல. காரே இல்லாதவர்கள் அங்கே உள்ளே மேஜைகளில் உட்கார்ந்திருந்தார்கள். உண்மையான டிரைவ்-இன் அவர்களுடையதுதான். தோள்பையை இறக்கி வைத்துவிட்டு அன்றைய டாக்டர் பட்டியலைச் சரிபார்க்கும் மருந்து கம்பெனிப் பிரதிநிதிகள். தயாரிப்பாளருக்குச் சொல்லப்போகும் கதையை நண்பனிடம் முதலில் சொல்லிப் பார்க்கும் உதவி இயக்குநர்கள். எதிரே ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலிருந்து கும்பலாக வரும் மாணவிகள். ஓய்வுபெற்றவர்கள், ஓவியர்கள், பத்திரிகைக்காரர்கள், வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள். ஒரு பட்டூராவை மூன்று பேர் பிய்த்துத் தின்றுவிட்டு, ஒரு காபியை இரண்டாகப் பகிர்ந்துகொண்டு, மாலை வெயில் இறங்கும்வரை உட்கார்ந்திருக்கலாம். எழுந்திரு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அலுவலகம் வைத்துக்கொள்ள வசதியில்லாத எத்தனையோ பேருக்கு அதுதான் அலுவலகம். வீட்டில் தனியறை இல்லாதவர்களுக்கு அதுதான் பேசுவதற்கான அறை.

2008இல் அது மூடப்பட்டது. நிலம் அரசின் கைக்குப் போய், 2010 நவம்பர் 24 அன்று அங்கே செம்மொழிப் பூங்காவை அன்றைய முதல்வர் கலைஞர் திறந்துவைத்தார். பூங்கா வந்ததில் எனக்குக் குறையில்லை. அந்த இடம் எந்த வணிக வளாகத்துக்கும் போகாமல் மக்கள் கால் வைக்கும் இடமாகவே இருக்கிறது, மரங்கள் பிழைத்தன. மூடிப்போன ஓட்டல்களில் அதற்குக் கிடைத்தது நல்ல கதி என்றே சொல்வேன். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தாசப்பிரகாஷ் ஓட்டல் என்று ஒரு மாளிகையே நின்றது. அதன் கட்டடம்கூட இன்றில்லை. பூங்காவில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு நடக்கலாம், பெஞ்சில் உட்காரலாம். ஆனால் டிரைவ்-இன் மேஜைகளைச் சுற்றி நடந்த பேச்சுக்கு அங்கே இடமில்லை. அந்த மனிதர்கள் எல்லாரும் சேர்ந்து வேறோர் இடத்துக்குப் போகவில்லை. ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே என்று சிதறிப்போனார்கள். தெரியாதவர்கள் தெரிந்தவர்களாகும் வாய்ப்பு ஒன்று நகரத்திலிருந்து போயிற்று.

இப்படிச் சொல்லும்போது கிளைகள் வைத்து நடத்துவோரை எல்லாம் குற்றவாளிகளாக்குகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். கிருஷ்ண ராவே பல இடங்களில் ஓட்டல் நடத்தியவர்தான். இன்று உலக நகரங்களில் பெயர்ப்பலகை தொங்கும் சரவண பவன், 1981இல் கே.கே. நகரில் ஒற்றை ஓட்டலாகத் தொடங்கியது. உழைத்து மேலே வந்தவர்கள் இரண்டாவது கடை போடுவதில் தப்பென்ன இருக்கிறது? என் கவலை வேறு. கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு முடிவெடுக்கும் உரிமை இருக்கிறதா, இல்லையா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கி வேலை தேடிய வாசகர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மாதக் கணக்கு வைத்துச் சாப்பிட்ட மெஸ் உங்களுக்கு நினைவிருக்கும். முதல் சம்பளம் தள்ளிப்போன மாதத்தில் மெஸ் முதலாளி நோட்டைப் பார்த்தார், உங்கள் முகத்தைப் பார்த்தார், நோட்டை மூடினார். "அடுத்த மாசம் குடு தம்பி, போய்ச் சாப்பிடு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் இந்த ஊரில் தங்கிவிட்டவர்கள் எத்தனை பேர்! கிளை நிறுவனத்தின் மேலாளரும் நல்ல மனிதராகவே இருப்பார். பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் அவர் முன்னால் இருக்கும் பில் இயந்திரத்தில் கடன் என்று ஒரு பொத்தான் கிடையாது. நாளின் முடிவில் கணக்கு தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். இரக்கப்பட்டால் அது அவருடைய சம்பளத்திலிருந்து போகும். ஒரு காபியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பவரைக் கண்டுகொள்ளாமல் விடலாமா என்ற முடிவுகூட அவருடையதல்ல. நாற்காலியின் உயரத்திலிருந்து ஏ.ஸி.யின் குளிர்வரை எல்லாமே எங்கோ ஓரிடத்தில் யாரோ தீர்மானித்தது.

பழைய ஓட்டல்களைக் கொண்டாடும்போது மறக்கக்கூடாத ஒன்றும் உண்டு. அந்த மேஜைகள் தொடக்கத்திலிருந்தே எல்லாருக்கும் பொதுவாக இருக்கவில்லை. 'பிராமணாள்' என்று பலகை மாட்டிய காபி கிளப்புகளும் ஓட்டல்களும் நம் ஊர்கள் எங்கும் இருந்தன. திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்து அந்தச் சொல்லை எடுக்கவேண்டும் என்று 1957இல் பெரியார் மறியல் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் வந்து நின்று கைதானார்கள். கைதானோர் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். கடைசியில் அந்தச் சொல் அகற்றப்பட்டது. கிராமத்துத் தேநீர்க் கடைகளில் தனிக் குவளை வைத்த கொடுமை அதற்குப் பின்னும் நீண்டகாலம் தொடர்ந்தது. யாரும் உள்ளே வரலாம், யாருக்குப் பக்கத்திலும் உட்காரலாம் என்பது போராடிப் பெற்ற உரிமை. அப்படிப் பெற்ற மேஜையை இப்போது வாடகைக்குத் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதால்தான் எனக்கு இது வெறும் நாக்கு ருசி சம்பந்தப்பட்ட விஷயமாகத் தெரியவில்லை.

பெண்கள் நிலையையும் சொல்லவேண்டும். பழைய ஓட்டலில் ஒரு பெண் தனியாக வந்து ஒரு மணி நேரம் புத்தகம் படித்துக்கொண்டிருந்தால் நாலு மேஜை திரும்பிப் பார்க்கும். ஃபேமிலி ரூம் என்று ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் அனுப்பிவிடுவார்கள். கிளைகள் கொண்ட காபிக் கடைகள் வந்தபின்தான் எங்கள் பத்திரிகைக்கு எழுதும் இளம்பெண்கள் பலருக்கு வெளியே உட்கார்ந்து எழுத ஓர் இடம் கிடைத்தது. அவர்களில் ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார்: "சார், உங்க ஓட்டல் உங்களுக்கு வீடு மாதிரி இருந்திருக்கலாம். எனக்கு அங்க அப்படி இல்லை." அவர் சொன்னது சரி. தெருமுனை ஓட்டல் பிழைக்கவேண்டும் என்று கேட்கிறவர்கள், அது பெண்களுக்கும் அதே அளவு இடம் கொடுக்கவேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும். அந்தக் காபிக் கடைகளில் ஒரு காபியின் விலையில் தெருமுனை ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாடே முடிந்துவிடும் என்பதையும் அவரே அடுத்துச் சொன்னார். அதனால் அவர் அங்கே அடிக்கடி போவதில்லை. வீட்டு மொட்டைமாடியில் எழுதுகிறார்.

சரி, ஏன் மூடுகிறார்கள்? தலைமுறை மாறுவது ஒரு காரணம். வேலையாட்கள் கிடைப்பதில்லை என்பது இன்னொன்று. உடுப்பியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்துகொண்டிருந்த சரக்கு மாஸ்டர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள், அது நல்லதுதான். இன்று ஒடிசா, அசாம் இளைஞர்கள் தோசை வார்க்கிறார்கள், நன்றாகவே வார்க்கிறார்கள். இவற்றையெல்லாம் ஓர் ஓட்டல் சமாளித்துவிடும். சமாளிக்க முடியாதது வாடகை.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. அதன் நிழலில் எத்தனையோ ஓட்டல்கள் பழைய வாடகையிலேயே ஓடின. கட்டட உரிமையாளர்களுக்கு அது அநியாயமாகப் பட்டது; பல இடங்களில் அநியாயமாகவும் இருந்தது. நகரத்தின் நடுவில் சொத்து வைத்திருந்தும் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூட வாடகை போதாத குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2017இல் நிறைவேற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இனி எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவு செய்யவேண்டும், ஒப்பந்தத்தில் உள்ளதுதான் வாடகை. அப்பா காலத்தில் வாய்வார்த்தையில் பேசி முடித்த குத்தகையில் ஓடிக்கொண்டிருந்த ஓட்டல்களுக்கு அதன்பின் நிற்கத் தரையில்லை. அதே நேரத்தில் கிளை நிறுவனத்தின் ஆள் வருகிறார். பெரிய முன்பணம், ஒன்பது வருட ஒப்பந்தம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை நூற்றுக்குப் பதினைந்து உயர்வு, மாதம் பிறந்தால் வங்கியில் பணம் என்று தாளில் எழுதிக் காட்டுகிறார். மறுக்கிற உரிமையாளர் எத்தனை பேர் இருப்பார்கள்? கிளை நிறுவனத்தின் ஆள் கேட்பதும் எப்போதும் முனை மனைதான். இரண்டு தெருவுக்கும் பலகை தெரியவேண்டும் அவருக்கு. நம் ஓட்டல்காரர்களும் முனை மனையைத்தான் தேடிப் பிடித்திருந்தார்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2017 நவம்பரில் ஓட்டல் சாப்பாட்டின் மீதான ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்தபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். கூடவே ஒரு நிபந்தனை வந்தது: ஓட்டல்காரர் தான் வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. கடை வாடகைக்கு 18 சதவீத வரி. வணிக சிலிண்டருக்கும் 18. இரண்டையும் அவர் கையிலிருந்துதான் கட்டவேண்டும். அதே கட்டடத்தில் அதே வாடகைக்கு வரும் செல்போன் கடையோ துணிக்கடையோ வாடகைக்குக் கட்டும் வரியைத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும். ஆக, ஒரே இடத்துக்குப் போட்டியிடும் இருவரில் ஓட்டல்காரர் தரவேண்டிய உண்மையான வாடகை கூடுதல். கிளைகள் உள்ள ஓட்டல்களுக்கும் இதே விதிதான் என்றாலும், நூறு கிளைகளில் பரப்பிக்கொள்ளக்கூடிய சுமையும் ஒற்றைக் கடையின் தலையில் விழும் சுமையும் ஒன்றாகுமா?

இது நம் ஊருக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. மும்பையில் இரானி கடைகள் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தன. தெருமுனைகளில் சலவைக்கல் மேஜையும் வளைந்த மர நாற்காலியும் பன் மஸ்காவுமாக. இன்று விரல்விட்டு எண்ணும் நிலைக்குக் கிட்டே வந்துவிட்டன. லண்டனில் ஸ்ட்ராண்ட் சாலையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இந்தியா கிளப் இருந்தது. வி.கே. கிருஷ்ண மேனனின் பெயரோடும், இந்திய விடுதலைக்காக அங்கே குரல்கொடுத்த இந்தியா லீகோடும் இணைந்தது. 1950களின் தொடக்கத்திலிருந்து அங்கே இந்திய மாணவர்களும் பத்திரிகையாளர்களும் மசால் தோசை சாப்பிட்டுக்கொண்டு அரசியல் பேசினார்கள். அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதியை இடித்துப் புது விடுதி கட்டும் திட்டம் வந்தபோது ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 2018இல் வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை திட்டத்தை நிராகரித்தது. வென்றுவிட்டோம் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் குத்தகையைப் புதுப்பிக்கும் முடிவு கட்டட உரிமையாளர் கையிலேயே இருந்தது. 2023 செப்டம்பர் 17 அன்று கிளப் மூடப்பட்டது. கட்டடத்தைக் காப்பாற்றும் சட்டம் அடுப்பைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். சென்னையிலும் பாரம்பரியக் கட்டடங்களுக்கு ஒரு குழு உண்டு. அது தூணையும் வளைவையும் பார்க்கும். உள்ளே யார் என்ன நடத்துகிறார்கள் என்பது அதன் வேலை அல்ல.

அடுப்பைக் காப்பாற்ற முயன்ற ஓர் ஊர் சான் பிரான்சிஸ்கோ. அங்கே ஒரு கடைக்கு வேறெங்காவது 11 கிளைகள் இருந்தால், குடியிருப்புப் பகுதிக் கடைத்தெருவில் நினைத்தவுடன் நுழைய முடியாது. திட்டக்குழுவின் முன் பொது விசாரணை நடக்கும்; அக்கம்பக்கத்தார் வந்து வேண்டும், வேண்டாம் என்று சொல்லலாம். 2006இல் மக்களே வாக்களித்து இந்த விதியை நகரின் குடியிருப்புக் கடைத்தெருக்கள் எல்லாவற்றுக்கும் விரிவாக்கினார்கள். நார்த் பீச், ஹேயஸ் வேலி போன்ற சில பகுதிகளில் அத்தகைய கடைகளுக்கு அனுமதியே இல்லை. 2015இல் இன்னோர் அடி எடுத்துவைத்தார்கள்: 30 வருடத்துக்கு மேல் நடக்கும் கடைகளுக்கென ஒரு பதிவேடு. அதில் இடம்பெற்ற கடைக்கு உதவித்தொகை வகுத்தார்கள். அந்தக் கடைக்கு 10 வருடக் குத்தகை தர முன்வரும் கட்டட உரிமையாளருக்கும் சேர்த்தே வகுத்தார்கள். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிப் பகுதி. உரிமையாளரை வில்லனாக்காமல், அவரும் நட்டப்படாமல், கடையும் நிலைக்க ஒரு வழி. அந்த ஊரிலும் வாடகை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, கடைகள் மூடிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆனாலும் மூடுவதற்கு முன் ஒருமுறை ஊர் கூடிப் பேச அங்கே ஓர் இடம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதை எங்கிருந்து தொடங்கலாம் என்று யோசித்தால், அரசே கட்டட உரிமையாளராக இருக்கும் இடங்களிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். மாநகராட்சிக்கும் நகராட்சிகளுக்கும் கடைகள் இருக்கின்றன. பேருந்து நிலையங்களில் ஓட்டல்கள் ஏலம் விடப்படுகின்றன. மாடவீதிகளிலும் சந்நிதித் தெருக்களிலும் கோயில்களுக்குச் சொந்தமான கட்டடங்கள் ஏராளம். அவை அறநிலையத் துறையின் மேற்பார்வையில் இருக்கின்றன. முப்பது நாற்பது வருடமாக ஒழுங்காக வாடகை கட்டி ஒரே இடத்தில் நடத்தும் சிறு ஓட்டலுக்கு, நியாயமான வாடகையில் நீண்ட குத்தகை தர இங்கெல்லாம் ஓர் அரசாணை போதும். கோயிலுக்கும் வருமானம் வேண்டும். இலவசமாகக் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதிக ஏலம் கேட்டவருக்கே என்ற ஒற்றை அளவுகோலை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்பதுதான் கோரிக்கை. வாடகை மீதான வரியைச் சிறு ஓட்டல்களுக்குக் கழித்துக்கொடுப்பது பற்றி ஜி.எஸ்.டி. மன்றத்தில் தமிழ்நாடு பேசவேண்டும்.

இவையெல்லாம் நடக்கும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. எங்கள் ஓட்டல் மூடியபோது கடைசி வாரம் கூட்டம் தாங்கவில்லை. செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள், சர்வர்களோடு நின்று பேசினார்கள், கண்கலங்கினார்கள். முதலாளி மகிழ்ந்துதான் போனார். ஆனால் அவர் என்னிடம் சொன்ன இன்னொன்றையும் உங்களுக்குச் சொல்லவேண்டும்: "இந்தக் கூட்டத்துல பாதி தினமும் வந்திருந்தா நான் மூடியிருக்கவே மாட்டேன் சார்." அவர் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னார். வீட்டுக்கே கொண்டுவந்து தரும் செயலிகளில் நாம் கேட்கும் ஒவ்வொரு பார்சலிலும் ஒரு பங்கு கமிஷனாகப் போய்விடுகிறது. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓட்டலுக்கு நடந்து போய் உட்கார்ந்து சாப்பிட்டால் அந்தப் பங்கு அங்கேயே தங்கும். கூடப் பேச்சுத்துணையும் கிடைக்கும்.

இனி, இந்தப் பத்திரிகையின் பங்கு. அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டு பக்கங்களை உங்கள் ஊர் ஓட்டல்களுக்காக ஒதுக்குகிறோம். மூடிப்போனவை மட்டும் வேண்டாம். இன்று நடந்துகொண்டிருப்பவற்றைப் பற்றித்தான் முக்கியமாக எழுதுங்கள். யாழ்ப்பாணமோ கோலாலம்பூரோ மும்பையின் மாட்டுங்காவோ, எங்கே இருந்தாலும் எழுதலாம். ஓட்டலின் பெயர், தெரு, எப்போதிலிருந்து நடக்கிறது, எந்த நேரத்தில் எது நன்றாக இருக்கும், அங்கே வழக்கமாக உட்காருகிறவர்கள் யார் என்று எழுதுங்கள். முதலாளியின் சம்மதம் கேட்டு ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். முக்கியமாக, அந்தக் கட்டடம் யாருடையது, குத்தகை எத்தனை வருடம் பாக்கி இருக்கிறது என்று அவர் சொல்ல விரும்பினால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதை அச்சிடமாட்டோம், ஆனால் போதுமான ஊர்களிலிருந்து விவரம் சேர்ந்ததும் ஒரு மனுவாகத் தொகுத்து அரசிடம் கொடுக்க எண்ணியிருக்கிறோம்.

முகவரி வழக்கமான இடத்தில் இருக்கிறது. கையால் எழுதிய கடிதங்களையும் தயங்காமல் அனுப்புங்கள்; படிக்க இங்கே ஆள் இருக்கிறோம். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் வந்துசேரும் கடிதங்கள் முதல் தொகுப்பில் இடம்பெறும்.

அன்புடன்,
ஆசிரியர்